கிளட்ச் ஏர் எடுப்பது: பழைய ஆயிலை வெளியேற்றிப் புது ஆயில் ஏற்றும் முழு முறை

ரிவர்ஸ் போடும்போது "கர்ர்" என்று பல் உரசும் சத்தம். முதல் கியர் விழ அடம் பிடிக்கிறது. கிளட்ச் பெடல் பஞ்சை மிதிப்பது போல உள்ளே போகிறது; இரண்டு மூன்று முறை தொடர்ந்து மிதித்தால் மட்டும் கொஞ்சம் இறுக்கம் வருகிறது. இப்படி இருந்தால் கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது என்று பயப்படுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, ஹைட்ராலிக் லைனில் (பெடலின் அழுத்தத்தை ஆயில் மூலம் கிளட்ச்சுக்குக் கொண்டுபோகும் பைப்பில்) காற்று புகுந்திருக்கிறதா என்பதைத்தான். அந்தக் காற்றை வெளியேற்றுவதைத்தான் ஏர் எடுப்பது என்கிறோம். ஒரு ஸ்பானர், ஒரு டியூப், ஒரு பாட்டில், பெடலை மிதிக்க ஒரு ஆள், இரண்டு மணி நேரப் பொறுமை இருந்தால் இதை வீட்டிலேயே செய்துவிடலாம்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது ஹைட்ராலிக் கிளட்ச்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பல சிறிய கார்களில் பெடலிலிருந்து கியர்பாக்ஸ் வரை கேபிள்தான் போகிறது. அதில் ஆயிலும் கிடையாது, ஏர் எடுக்கும் வேலையும் கிடையாது.

ஒரு டீஸ்பூன் ஆயிலின் வேலை

பெடலை மிதித்ததும் அதன் பின்னால் இருக்கும் கம்பி மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. அங்கிருந்து ஆயில் பைப் வழியாக ஓடி, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. அது ஃபோர்க் என்ற நெம்புகோலையோ, கிளட்ச்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கை நேரடியாகவோ நகர்த்த, கிளட்ச் விடுபடுகிறது.

இதில் எவ்வளவு ஆயில் நகர்கிறது தெரியுமா? 15.87 மி.மீ. விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் 30 மி.மீ. நகர்ந்தால் சுமார் 6 மி.லி. தள்ளப்படும். ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இந்த லைனில் 1 மி.லி. காற்று இருந்தால், அழுத்தம் ஏறும்போது அது சுருங்கிக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போய்விடும். அதாவது நீங்கள் மிதித்ததில் ஆறில் ஒரு பங்கு அந்தக் குமிழியைச் சுருக்கவே செலவாகிவிடுகிறது. கிளட்ச் முழுதாக விடுபடாமல் பல் உரசுவதற்கு அது போதும். பிரேக்கில் கொஞ்சம் காற்று இருந்தால் பெடலை இன்னும் கொஞ்சம் ஆழமாக மிதித்துச் சமாளிக்கிறோம். கிளட்ச்சில் அந்த வசதி இல்லை. பெடல் தரையைத் தொட்டால் அதோடு முடிந்தது.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காற்று மேலே ஏறத்தான் பார்க்கும். நாமோ அதை மேலிருந்து கீழே, ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிள் (ஏர் எடுக்கத் திறந்து மூடும் துளையுள்ள சிறு திருகு) வழியாக இறக்கப் பார்க்கிறோம். பைப் வளைந்து மேடாகப் போகும் இடமெல்லாம் குமிழி போய் ஒளிந்துகொள்ளும். கிளட்ச் ஏர் எடுப்பதில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இதனால் வருபவைதான்.

காற்று வந்தது எப்படி?

மூடியிருக்கும் லைனில் காற்று தானாக நுழையாது. சமீபத்தில் ஏதாவது பாகம் மாற்றிப் பைப்பைக் கழற்றியிருந்தால் காரணம் அதுதான், நேராக வேலையில் இறங்கலாம். அப்படி எதுவும் செய்யவில்லை என்றால் கசிவைத் தேடுங்கள். ஓட்டுநர் இருக்கையின் முன்னால் குனிந்து, பெடல் கம்பி சுவருக்குள் நுழையும் இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் போயிருக்கிறது. வண்டிக்கு அடியில் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் ஸ்லேவ் சீல் போயிருக்கிறது. ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸ் முகப்புக்கு உள்ளேயே, ரிலீஸ் பேரிங்கோடு ஒன்றாக இருக்கும் வண்டிகளில், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் சொட்டு விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்தால் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்; அது வேறு பெரிய வேலை.

எங்கேயும் ஈரம் இல்லை, ஆனால் பெடலை மிதித்து ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் பிடித்திருந்தால் அது மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறதா? மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ஆயில் சீலைத் தாண்டிப் பின்னால் வருகிறது என்று அர்த்தம். இவற்றில் எது இருந்தாலும் ஏர் எடுத்துப் பயனில்லை. பாகத்தை மாற்றிவிட்டுத்தான் இங்கே திரும்ப வேண்டும்.

எந்த ஆயில்?

பெரும்பாலான வண்டிகளில் கிளட்ச்சுக்கு ஊற்றுவது பிரேக் ஆயில்தான். அதன் தரத்தை டாட் என்ற எண்ணால் குறிப்பார்கள். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. டாட் 5 என்பது சிலிக்கோன் வகை. எண் 5.1-க்குப் பக்கத்தில் இருப்பதால் குழப்பிக்கொள்ளாதீர்கள். இதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. சில வண்டிகளின் கிளட்ச்சுக்கு மினரல் ஆயில் கேட்கும். அதில் பிரேக் ஆயில் ஊற்றினாலும், பிரேக் ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் மினரல் ஆயில் ஊற்றினாலும் ரப்பர் சீல்கள் எல்லாம் கெட்டுப்போகும். வண்டியில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஆயில் கொடுக்கும் டப்பாவின் மூடியில் எழுதியிருப்பதையும் வண்டியோடு வந்த கையேட்டையும் பார்த்து அதையே வாங்குங்கள்.

கிளைக்கால் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புது டாட் 4-இன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் தேவைப்படும் அளவு 155 டிகிரிதான். அதனால் அலமாரியில் பாதி திறந்து கிடக்கும் பழைய பாட்டிலைத் தொடாதீர்கள். புதிதாக சீல் உடைத்த அரை லிட்டர் பாட்டில் ஒன்று, கிளட்ச் லைனை முழுதாகக் கழுவி நிரப்பப் பெரும்பாலும் போதும்.

கையில் இருக்க வேண்டியவை

நிப்பிளுக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பானர். வண்டியைப் பொறுத்து 7, 8, 10 அல்லது 11 மி.மீ. இருக்கும். ஓப்பன் ஸ்பானர் வேண்டாம், நிப்பிளின் முனைகளை மழுக்கிவிடும். நிப்பிள் மேல் இறுக்கமாக ஏறும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப், ஒரு மீட்டர் நீளம். உள்ளே இருப்பது தெரியும்படி ஒரு பாட்டில். பெரிய சிரிஞ்சு ஒன்று. நூல் பிரியாத துணி, கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி. வண்டியைத் தூக்க வேண்டுமென்றால் ஜாக்கியோடு ஸ்டாண்டும் கட்டாயம் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது.

ஒரு குடம் தண்ணீரும் பக்கத்தில் வையுங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டை அரிக்கும். துடைத்தால் பரவும், அதனால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டாலும் அப்படியே, நிறையத் தண்ணீரால் நிதானமாகக் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தயார் செய்வது

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். எஞ்சின் ஆறியிருக்கட்டும், சாவி உங்கள் பையில் இருக்கட்டும். நிப்பிள் துருப்பிடித்திருந்தால் முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துவிடுங்கள். நிப்பிளுக்கு நடுவில் துளை இருப்பதால் அது வலுவில்லாத பொருள்; வெறி கொண்டு திருகினால் உடைந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். டியூப் மாட்டும் முன் ஸ்பானரை மட்டும் வைத்து லேசாக இளக்கி, திரும்ப மூடிப் பாருங்கள். அசைகிறது என்று தெரிந்த பிறகு மற்ற வேலை.

மேலே ஆயில் டப்பாவைத் திறப்பதற்கு முன் மூடியைச் சுற்றித் துடையுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் அது சீலில் போய் நிற்கும். பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே டப்பா என்றால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். கிளட்ச்சுக்குப் போகும் ஓஸ் டப்பாவின் அடியிலிருந்து வராமல் பக்கவாட்டில், கொஞ்சம் உயரத்திலிருந்து புறப்படும். கிளட்ச் கசிந்தாலும் பிரேக்குக்கு ஆயில் மிச்சம் இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு அது. நமக்கு அதனால் வரும் சிக்கல், டப்பாவில் ஆயில் தாராளமாக இருப்பது போலத் தெரியும்போதே கிளட்ச் ஓஸ் காற்றை இழுக்கத் தொடங்கியிருக்கும். அதனால் வேலை முழுக்க ஆயில் மேல் கோட்டை ஒட்டியே இருக்கட்டும்.

பழைய ஆயிலை எடுப்பது

லைனை முழுதாகக் காலி செய்துவிட்டுப் புதிதாக நிரப்பலாமா என்று பலர் கேட்பார்கள். பாகம் எதையும் மாற்றவில்லை என்றால் வேண்டாம். காலியான லைனை நிரப்புவது, நிரம்பிய லைனில் ஆயில் மாற்றுவதைவிடப் பல மடங்கு கடினம். புது ஆயிலே பழையதைத் தள்ளிக்கொண்டு போகட்டும்.

சிரிஞ்சில் டியூப் மாட்டி டப்பாவில் இருக்கும் பழைய ஆயிலை உறிஞ்சி எடுங்கள். ஓஸின் வாய் வெளியே தெரியும் அளவுக்கு எடுக்காதீர்கள். அடியில் கறுப்புச் சேறு படிந்திருந்தால் சிரிஞ்சு முனையால் அதையும் உறிஞ்சிவிடுங்கள். கிளட்ச் ஆயில் பிரேக் ஆயிலைவிடச் சீக்கிரம் கறுக்கும். சீல் ரப்பர் தேய்ந்து கலந்த நிறம் அது. பிறகு புது ஆயிலை மேல் கோடு வரை ஊற்றி, மூடியை இறுக்காமல் சும்மா மேலே வையுங்கள்.

இரண்டு பேர் சேர்ந்து ஏர் எடுப்பது

அடியில் நிப்பிளின் ரப்பர் தொப்பியைக் கழற்றி, ரிங் ஸ்பானரை முதலில் மாட்டி, அதற்கு மேல் டியூபை ஏற்றுங்கள். வரிசை மாறினால் ஸ்பானர் உள்ளே போகாது. பாட்டிலில் கொஞ்சம் புது ஆயில் ஊற்றி டியூபின் மறுமுனை அதில் மூழ்கியிருக்கும்படி வையுங்கள். டியூப் நிப்பிளிலிருந்து முதலில் ஒரு சாண் மேலே ஏறி, அப்புறம் வளைந்து பாட்டிலுக்கு இறங்க வேண்டும். குமிழி நிப்பிளைத் தாண்டியதும் அந்த வளைவின் உச்சிக்கு ஏறி நின்றுகொள்ளும், திரும்ப உள்ளே வராது.

இனி மிதிப்பவரோடு வார்த்தைகளைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை என் தம்பி பெடலில் இருந்தான். நான் அடியில் படுத்து "சரி" என்றேன். நிப்பிள் திறந்துவிட்டேன், ஆயில் வருகிறது என்ற அர்த்தத்தில் சொன்னது. மூடிவிட்டேன் என்று நினைத்து அவன் காலை எடுத்துவிட்டான். டியூபில் இருந்த காற்று சர்ரென்று மேலே போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதுவரை செய்த ஒரு மணி நேர வேலை வீண். அன்றிலிருந்து மூன்றே சொற்கள்தான்: "மிதி", "மிதிச்சாச்சு", "விடு". "விடு" என்று காதில் விழும் வரை பெடல் தரையோடு மிதித்தபடியே இருக்க வேண்டும்.

நீங்கள் "மிதி" என்றதும் அவர் பெடலை மெதுவாகத் தரை வரை மிதித்து "மிதிச்சாச்சு" என்பார். நீங்கள் நிப்பிளைக் கால் முதல் அரைச் சுற்று திறக்கிறீர்கள். ஆயிலும் காற்றும் டியூபில் பாயும். ஓட்டம் நின்றதும் நிப்பிளை மூடுங்கள். முழுதாக மூடிய பிறகே "விடு". பெடல் மேலே வந்ததும் மூன்று நான்கு விநாடி பொறுங்கள், மாஸ்டர் சிலிண்டர் டப்பாவிலிருந்து ஆயிலை நிரப்பிக்கொள்ள நேரம் வேண்டும். மறுபடி "மிதி".

முதல் சில தடவை பெடல் தானாக மேலே வராமல் தரையிலேயே ஒட்டிக்கொள்ளலாம். பயப்பட வேண்டாம், கையால் தூக்கிவிடச் சொல்லுங்கள். வேகமாகப் பம்ப் செய்யச் சொல்லாதீர்கள். பெரிய குமிழி நுரையாக உடைந்து லைன் முழுக்கப் பரவிவிடும். அதை எடுப்பது இன்னும் பாடு.

ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை எழுந்து வந்து டப்பாவைப் பாருங்கள். ஒரு மிதிக்கு 6 மி.லி. என்றால் ஆறு மிதிக்கு 36 மி.லி. போயிருக்கும், சிறிய டப்பாவுக்கு அது பெரிய அளவு.

டியூபைக் கவனியுங்கள். முதலில் டீ டிகாக்ஷன் போலக் கறுப்பாக வரும், நடுநடுவே டியூபை அடைத்துக்கொண்டு நீளமான காற்றுத் துண்டுகள். பிறகு நிறம் தேன் போல இளகும், குமிழிகள் கடுகு அளவுக்குச் சிறுக்கும். கடைசியில் பாட்டிலில் இருக்கும் புது ஆயிலின் நிறத்திலேயே, குமிழி இல்லாமல் வரும். அப்படி வந்த பிறகும் ஐந்தாறு மிதி கூடுதலாக எடுங்கள். மேட்டில் ஒளிந்திருந்த குமிழி கடைசியில்தான் வரும்.

சில வண்டிகளில் ஸ்பானரால் திறக்கும் நிப்பிளே இருக்காது. பிளாஸ்டிக் பைப் ஸ்லேவ் சிலிண்டரோடு சேரும் இடத்தில் ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். கிளிப்பை ஒரு படி இழுத்து, பைப்பைச் சில மில்லிமீட்டர் வெளியே நகர்த்தினால் வழி திறக்கும். உள்ளே தள்ளினால் மூடும். மற்றபடி முறை இதேதான். பிளாஸ்டிக் பழசாகி மொறமொறப்பாக இருக்கும், மெதுவாகக் கையாளுங்கள்.

தனி ஆளாக இருந்தால்

எளிதானது, தானாக வடிய விடுவது. டப்பா மூடியைத் திறந்து வைத்து, நிப்பிளையும் திறந்துவிட்டால் ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கும். இருபது முப்பது நிமிடம் ஆகும். டப்பாவை விட்டு நகராமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காலியான லைனுக்கு முதல் நிரப்பலாக இது அருமையான முறை.

வேக்குவம் பம்ப் வைத்து உறிஞ்சினால் நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்று நுழைந்து, டியூபில் குமிழி வந்துகொண்டே இருக்கும். லைனில் காற்று தீரவில்லை என்று நினைத்துப் பாட்டில் பாட்டிலாக ஆயிலை வீணாக்குவோம். மேலிருந்து அழுத்தம் கொடுக்கும் கருவி இருந்தால் நல்லது; 1 பார் போதும், அதற்கு மேல் போனால் பழைய டப்பாவின் இணைப்புகள் பிதுங்கும்.

எனக்குப் பிடித்தது கீழிருந்து மேலே ஏற்றும் முறை. காற்றும் மேலே போக விரும்புகிறது, நாமும் மேலே தள்ளுகிறோம், சண்டையே இல்லை. சிரிஞ்சில் புது ஆயில் நிரப்பி, டியூபிலிருக்கும் காற்றை முழுதாக வெளியேற்றி, நிப்பிளில் மாட்டி, திறந்து மெதுவாகத் தள்ளுங்கள். டப்பாவில் குமிழிகள் மேலே வந்து உடைவது கண்ணுக்குத் தெரியும். டப்பா வழியாமல் இருக்க முன்பே ஆயிலைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். டியூப் கழன்றால் ஆயில் முகத்தில் அடிக்கும், அதனால் ஒரு கிளிப் போடுங்கள், கண்ணாடியும் போடுங்கள். ஆனால் லைனில் பழைய அழுக்கு ஆயில் இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். டப்பா பிரேக்குக்கும் பொது என்றால் அந்த அழுக்கெல்லாம் அங்கே போய்ச் சேரும். முதலில் மேலிருந்து கழுவி, ஆயில் சுத்தமான பிறகே கீழிருந்து.

எவ்வளவு எடுத்தும் பெடல் நிற்கவில்லையா?

பெடலின் மேல் பகுதியில் மட்டும் இரண்டு மூன்று செ.மீ. அளவுக்குக் குட்டிக் குட்டியாக மிதித்து விடுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் வாயருகே நிற்கும் குமிழிகள் டப்பாவுக்கு ஏறிவிடும். பைப்பின் மேடான இடங்களை ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் லேசாகத் தட்டுங்கள்.

ஸ்லேவ் சிலிண்டர் வெளியே இருந்தால் இன்னும் நல்ல வழி உண்டு. பைப்பைக் கழற்றாமல் ஸ்லேவ் சிலிண்டரின் போல்ட்களை மட்டும் கழற்றி, பைப் வந்து சேரும் இடம் மேலே இருக்கும்படி சாய்த்துப் பிடியுங்கள். நிப்பிள் மூடியிருக்க, பிஸ்டனைக் கட்டை விரலால் மெல்ல உள்ளே அழுத்தினால் உள்ளிருக்கும் ஆயிலும் காற்றும் டப்பாவை நோக்கி ஏறும். மெதுவாக விட்டு, மறுபடி அழுத்துங்கள். இந்த நிலையில் யாரும் பெடலைத் தொடக் கூடாது. தொட்டால் பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும்.

மாஸ்டர் சிலிண்டர் புதிதென்றால், அதை வண்டியில் மாட்டும் முன்பே ஆயில் நிரப்பி, கம்பியைத் தள்ளித் தள்ளிக் குமிழி நிற்கும் வரை ஏர் எடுத்திருக்க வேண்டும். அதைத் தவறவிட்டிருந்தால் கீழிருந்து ஏற்றும் முறைதான் கைகொடுக்கும். எல்லாம் செய்தும் பெடல் மெத்தென்றே இருந்தால், ஒருவர் மிதிக்க மற்றவர் ரப்பர் ஓஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். மிதிக்கும்போது அது உப்பினால் கோளாறு ஓஸில்தான்.

முடித்து வைப்பது

நிப்பிளை இறுக்குங்கள். பொதுவாக 7 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும்; உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் தொப்பியை மாட்டி, சுற்றிலும் தண்ணீர் விட்டுக் கழுவித் துடையுங்கள். டப்பாவில் ஆயிலை மேல் கோடு வரை மட்டும் வையுங்கள், கழுத்து வரை நிரப்பாதீர்கள். பிரேக் தேயத் தேய ஆயில் இறங்கும். கிளட்ச்சிலோ பல வண்டிகளில் நேர்மாறாக, தட்டு தேயத் தேய ஸ்லேவ் பிஸ்டன் பின்னால் தள்ளப்பட்டு டப்பாவில் ஆயில் ஏறும். அதற்கு இடம் வேண்டும்.

பொது டப்பா என்றால் வண்டியை நகர்த்தும் முன் பிரேக் பெடலை மிதித்துப் பாருங்கள். அது கல் போல நிற்க வேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டபடி, கிளட்ச்சை முழுதாக மிதித்து மூன்று நான்கு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழ வேண்டும். கிளட்ச்சை மெதுவாக விடும்போது வண்டி இழுக்கத் தொடங்கும் இடம் தரையிலிருந்து நன்றாக மேலே வந்திருக்கும். அடியில் போய் நிப்பிள் காய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். எஞ்சின் ஆயிலோடு கலக்காமல் தனி பாட்டிலில் மூடி வைத்து, கழிவு ஆயில் வாங்கும் பணிமனையில் கொடுத்துவிடுங்கள். டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டில் இன்றைய தேதியையும் ஊற்றிய ஆயிலின் வகையையும் எழுதி ஒட்டுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் சீல்கள் நீண்ட நாள் வரும்.

மறுநாள் காலையில் எஞ்சினைத் தொடும் முன் ஒரே ஒருமுறை பெடலை மிதித்துப் பாருங்கள். முதல் மிதியும் மூன்றாவது மிதியும் காலுக்கு ஒரே மாதிரி இருந்தால் காற்று முழுதாகப் போய்விட்டது. முதல் மிதி மட்டும் தொளதொளவென்று இருந்தால், இரவில் குமிழிகள் ஒன்றுசேர்ந்து ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. அப்போதே நிப்பிளைத் திறந்தால் பத்து மிதியில் வெளியே வந்துவிடும்.